ஏழாவது வேலியும் பெரியப்பாவின் பென்சிலும்

கொல்கத்தாவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் விக்டோரியா மெமோரியலுக்குக் கூட்டிப் போவேன். பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ். "1847ல ஆரம்பிச்ச கிளப்பு, ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்" என்று கைடு மாதிரி சொல்வேன். உள்ளே மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. எங்கள் வீட்டில் 'ரேஸ்' என்பது கெட்ட வார்த்தை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இதை எழுத இரண்டு காரணம். எங்கள் கிளையண்ட் ஆபீஸ் லிவர்பூல் பக்கம். ஏப்ரல் வந்தால் அங்கே ஒரு வேலையும் ஓடாது. கிராண்ட் நேஷனல் என்று ஒரு குதிரைப் பந்தயம். ஆபீசில் ஆளுக்கு இரண்டு பவுண்டு போட்டு, குதிரைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். இந்த வருஷம் என் பெயரையும் சேர்த்துக் குலுக்கிவிட்டார்கள். எனக்கு விழுந்த குதிரையின் 'முன்னோட்டம்' இரண்டு வரியில் வந்தது. சாராம்சம்: தேறாது.

இரண்டாவது காரணம், என் பையன். பத்தாவது படிக்கிறான். அவன் செல்போனில் ஏதோ ஒரு குரூப்பில் கிரிக்கெட் மேட்சுக்கு 'டிப்ஸ்' வருகிறது. "அப்பா, இவங்க மூணு மேட்ச் வரிசையா கரெக்டா சொல்லிட்டாங்க" என்று கண்ணை விரித்துச் சொன்னான். தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம்மூரில் பார்க்கிற பந்தயம் சமதரையில் ஓடுவது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் குளிர்காலத்து ஆட்டம் வேறு. வழியில் வேலிகள் இருக்கும், குதிரை அதைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். சின்ன வேலி குறைந்தது மூன்றரை அடி, பெரிய வேலி நாலரை அடி. தூரமும் அதிகம், இரண்டு மைலில் தொடங்கி நாலு மைலுக்கு மேல்.

இது பிறந்த கதை ருசியானது. 1752ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஓ'காலகன், பிளேக் என்று இரண்டு பேருக்குள் ஒரு சவால். பட்டிவன்ட் ஊர் சர்ச்சிலிருந்து டோனெரைல் ஊர் சர்ச் வரை, சுமார் நாலரை மைல். ரோடு கிடையாது. தூரத்தில் தெரியும் சர்ச் கோபுரம்தான் குறி. நடுவில் வாய்க்கால், கல்சுவர், முள்வேலி எது வந்தாலும் தாண்டிப் போக வேண்டும். கோபுரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீப்பிள். அதனால் இந்த வகைப் பந்தயத்துக்கு ஸ்டீப்பிள்சேஸ் என்றே பெயர் நின்றுவிட்டது.

லிவர்பூலுக்கு வெளியே எய்ன்ட்ரீயில் 1839ல் பெரிய அளவில் நடந்த பந்தயத்தைத்தான் முதல் கிராண்ட் நேஷனலாகக் கணக்கு வைக்கிறார்கள். அதில் கேப்டன் பீச்சர் என்பவர் குதிரையிலிருந்து ஓடைக்குள் விழுந்தார். அந்த வேலிக்கு இன்றும் 'பீச்சர்ஸ் புரூக்' என்றுதான் பெயர். அந்த வருஷம் ஜெயித்த குதிரையின் பெயர் என்ன தெரியுமா? லாட்டரி! நான் கதை விடவில்லை, நிஜமாகவே அதுதான் பெயர்.

பந்தயம் வந்தால் கூடவே ஜோசியம் வராமல் இருக்குமா? 'ஸ்போர்ட்டிங் லைஃப்' பத்திரிகை 1859ல் தொடங்கி 1998 வரை அச்சில் வந்தது. 'ரேசிங் போஸ்ட்' 1986ல் வந்தது. இவை தவிர எல்லா நாளிதழிலும் ஒரு பந்தய நிருபர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குதிரை சொல்வார். அன்றைய நாளின் மிக நம்பிக்கையான தேர்வுக்கு 'நேப்' என்று பெயர். நெப்போலியன் என்ற சீட்டாட்டத்திலிருந்து வந்த சொல். எந்த நிருபரின் நேப் அதிகம் பலித்தது என்று சீசன் முழுக்க மார்க் போட்டுப் பட்டியலும் வெளியிடுவார்கள். நம்மூர் ஜோசியர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்!

பத்திரிகைக்கு வெளியேயும் ஆள் உண்டு. இளவரசர் மோனோலுலு என்று ஒருவர். தலையில் தீக்கோழி இறகு, பளபள அங்கி. தன்னை அபிசீனிய இளவரசர் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் கரீபியன் தீவில் பிறந்தவர், பெயர் மெக்கே. "என்கிட்ட ஒரு குதிரை இருக்கு" என்று பந்தய மைதானங்களில் கூவி, கவரில் டிப்ஸ் விற்றார். 1920 டெர்பியில் ஸ்பையன் காப் என்ற குதிரையில் அவரே பெருந்தொகை ஜெயித்தார். அந்த ஒரு ஜெயம்தான் அவரை இங்கிலாந்து முழுக்கப் பிரபலமாக்கியது. 1965ல் இறந்தார்.

மோனோலுலுவை வைத்து எல்லா டிப்ஸும் வெறும் வாய்ஜாலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக எழுதப்பட்ட முன்னோட்டம் ஒரு ஆடிட் ரிப்போர்ட் மாதிரி. கிளையண்ட் ஆபீஸ் நண்பர் அனுப்பிய பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அவரைக் கேள்வி கேட்டே கொன்றேன். நான் புரிந்துகொண்டது இது.

முதலில் குதிரையின் பெயர் பக்கத்தில் எண்களும் எழுத்துகளும் வரிசையாக இருக்கும். கடைசியாக ஓடிய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்று எண்கள். எழுத்துகள்தான் தாண்டும் பந்தயத்தின் விசேஷம். 'எஃப்' என்றால் விழுந்தது. 'யூ' என்றால் ஜாக்கி கீழே விழுந்தார். 'பி' என்றால் முடியாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. 'ஆர்' என்றால் தாண்ட மறுத்தது. 'பி'யிலேயே இன்னொரு 'பி' உண்டு, பக்கத்துக் குதிரை விழுந்து இதையும் சாய்த்துவிட்டது என்று. முதல் நாலும் குதிரையின் கணக்கில் சேரும். கடைசியானது அடுத்தவன் செய்த தப்பு. நல்ல நிருபர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பார்.

இரண்டாவது தரை. மழை பெய்து சேறானால் சில குதிரைக்குக் கொண்டாட்டம், சில குதிரைக்குக் கால் எழும்பாது. மூன்றாவது எடை. நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை வைத்து எல்லாவற்றையும் சமமாக்கப் பார்ப்பார்கள். இதுதான் ஹேண்டிகேப். மூன்று மைல் ஓட்டத்தில் ஒரு பவுண்டு எடை என்பது ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் என்று பழக்கத்தில் வந்த கணக்கு. 1960களில் ஆர்க்கிள் என்று ஒரு அயர்லாந்துக் குதிரை. செல்டனம் கோல்ட் கப்பை 1964, 65, 66 என்று மூன்று வருஷமும் ஜெயித்தது. அது ஓடினால் ஒரு எடைப் பட்டியல், ஓடாவிட்டால் இன்னொரு எடைப் பட்டியல் என்று அயர்லாந்தில் இரண்டு போட்டார்கள். அவ்வளவு தூரம் மற்றதை விட மேலே.

இதையெல்லாம் எண்ணாக மாற்றியவர் ஃபில் பல். கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1948ல் டைம்ஃபார்ம் என்று நிறுவனம் தொடங்கி, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் போட்டார். ஆர்க்கிளுக்கு 212. தாண்டும் குதிரைகளில் டைம்ஃபார்ம் கொடுத்த மிக உயர்ந்த மார்க் அதுதான். நம்ப முடியாத குதிரைக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நெளி குறி போடுவார்கள். சில மனுஷங்களுக்கும் போடலாம், வேண்டாம்.

இவ்வளவு விஷய ஞானத்தோடு எழுதினால் பலிக்க வேண்டாமா? இங்கேதான் 8 ஏப்ரல் 1967 வருகிறது.

அன்று எய்ன்ட்ரீயில் 44 குதிரைகள். ஃபாய்னவன் என்று ஒன்று. ஒரு காலத்தில் ஆர்க்கிளின் எஜமானியிடமே இருந்தது. இரண்டுக்கும் ஸ்காட்லாந்தில் பக்கத்துப் பக்கத்து மலைகளின் பெயர். ஆர்க்கிள் மலையாக வளர்ந்தது, இது தேறவில்லை என்று விற்றுவிட்டார்கள். 1967 மார்ச்சில் செல்டனம் கோல்ட் கப்பில் 500க்கு 1 விலையில் ஓடியது. அதாவது ஒரு பவுண்டு கட்டி அது ஜெயித்தால் 500 பவுண்டு லாபம். ஜெயிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா!

கிராண்ட் நேஷனலில் அதன் விலை 100க்கு 1. அதன் ட்ரெய்னரே எய்ன்ட்ரீக்கு வரவில்லை, வோர்ஸ்டரில் வேறு பந்தயத்துக்குப் போய்விட்டார். முதலாளியும் வரவில்லை. சில ஜாக்கிகள் மறுத்த பிறகு ஜான் பக்கிங்ஹாம் என்பவருக்கு வாய்ப்பு வந்தது. அவருக்கு அதுதான் முதல் கிராண்ட் நேஷனல். லண்டன் நாளிதழ் ஒன்றின் நிருபர், இந்தக் குதிரை தைரியமாகத் தாண்டாது, இதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம் என்ற ரீதியில் எழுதியிருந்தார்.

எய்ன்ட்ரீயில் இரண்டு சுற்று, மொத்தம் 30 தாண்டல். முதல் சுற்றில் ஏழாவதாக வருகிற வேலியே இரண்டாம் சுற்றில் இருபத்து மூன்றாவது. பீச்சர்ஸ் புரூக்குக்கு அடுத்தது. நாலரை அடிதான், அந்த மைதானத்திலேயே சின்ன வேலிகளில் ஒன்று. யாரும் பயப்படாத இடம்.

பாப்பம் டவுன் என்ற குதிரை முதல் வேலியிலேயே ஜாக்கியைத் தள்ளிவிட்டு, ஆளில்லாமல் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்றாவது வேலிக்கு வந்ததும் தாண்டாமல் வேலியின் குறுக்கே திரும்பி ஓடியது. முன்னால் வந்த குதிரைகள் அதில் மோதின. பின்னால் வந்தவை அவற்றில் மோதின. சில நொடிக்குள் வேலி முன்னால் குதிரைக் குவியல். ஜாக்கிகள் வேலிக்கு மேல் பறந்தார்கள், குதிரைகள் திரும்பி வந்த வழியே ஓடின.

ஃபாய்னவன் அப்போது எங்கே? வெகு பின்னால். பின்னால் இருந்ததால்தான் பக்கிங்ஹாமுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. ஓரமாக ஓட்டிப்போய் ஒரு சந்து பார்த்துத் தாண்டினார். திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை. மிச்சமிருந்த ஏழு வேலியையும் தனியாகத் தாண்டி, 15 குதிரை நீளத்தில் ஜெயித்தார். எல்லோரும் பணம் கட்டியிருந்த ஹனி எண்ட் திரும்ப வந்து தாண்டித் துரத்தியும் இரண்டாவது இடம்தான். எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் 'டோட்' என்ற முறையில் ஃபாய்னவனுக்கு ஒரு பவுண்டுக்கு 444 பவுண்டு. அதன்மேல் கட்டியவர்கள் அவ்வளவு குறைச்சல். 1984ல் அந்த வேலிக்கே ஃபாய்னவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த நிருபர் எழுதியது தப்பா? எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. 22 வேலி வரை அவர் எழுதியது அத்தனையும் சரி. ஃபாய்னவன் மெதுவான குதிரைதான். ஆளில்லாத குதிரை எந்த வேலியில் குறுக்கே திரும்பும் என்று எந்த ஃபார்ம் புத்தகத்திலும் கிடையாது.

அதே சமயம் ஃபார்ம் பார்ப்பது வீண் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குவியலிலிருந்து மீண்டு மூன்றாவதாக வந்தது ரெட் அலிகேட்டர். 1968ல் அதுதான் ஜெயித்தது. குவியலில் சிக்கிய குதிரை எது, தானே சோர்ந்த குதிரை எது என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு அடுத்த வருஷத்துக்கான குறிப்பு அந்த முடிவிலேயே இருந்தது. அதை ஓட்டிய பிரையன் ஃப்ளெட்சர்தான் பிறகு 1973லும் 74லும் ரெட் ரம்மை ஓட்டி ஜெயித்தவர்.

இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நம் நாட்டிலும் வந்தது. தமிழ்நாடு அரசு 1974ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் அல்ல. பரம்பரை, பயிற்சி, எடை, ஜாக்கி எல்லாம் பார்த்துக் கணிக்க முடியும் என்பது வாதம். படித்தபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் திறமை இருந்தால் பணம் வரும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் விலை.

மூன்றே குதிரை ஓடுவதாக வைத்துக்கொள்வோம். விலை 1க்கு 1, 2க்கு 1, 3க்கு 1. முதல் குதிரைக்கு 50 சதவீத வாய்ப்பு, இரண்டாவதற்கு 33.3, மூன்றாவதற்கு 25 என்று அந்த விலைக்கு அர்த்தம். கூட்டிப் பாருங்கள், 108.3. நூறுதானே வர வேண்டும்? அந்த மிச்சம் 8.3 புக்கியின் கூலி. கட்டுகிறவர்கள் இந்த விலைகளுக்கு ஏற்றபடி பணத்தைப் பரப்பிக் கட்டினால், யார் ஜெயித்தாலும் அவர் 108.3 வாங்கி 100 கொடுப்பார். உங்களுக்குத் தெரிந்த தரை, எடை, ஃபார்ம் எல்லாம் மற்றவர்களுக்கும் தெரியும், அது ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. நீங்கள் லாபம் பார்க்க வேண்டுமானால் திறமைசாலியாக இருந்தால் போதாது. மற்ற எல்லாத் திறமைசாலிகளையும் விட, அந்தக் கூலியையும் கட்டிவிட்டு, மேலே இருக்க வேண்டும். வருஷம் முழுக்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குதிரைக் குவியல் வரை வாயைப் பிளந்து கேட்டான். அப்புறம் ஒரு கேள்வி கேட்டான்: "அந்தக் குதிரை மேல காசு கட்டி ஜெயிச்சாங்களே, அவங்க அதுக்கப்புறம் என்ன ஆனாங்கப்பா?"

அப்போதுதான் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பாவின் அண்ணன். ரேஸ் நடக்கிற ஊர் ஒன்றில் குமாஸ்தா வேலை. குடிக்க மாட்டார், வெற்றிலைகூடப் போட மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. 1970களில் ஒரு சனிக்கிழமை, யாரும் சீண்டாத ஒரு குதிரையில் கட்டி, நாலு மாதச் சம்பளம் ஒரே நாளில் வந்தது. அந்தப் பணத்தில் பெரியம்மாவுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். வீடே அவரைக் கொண்டாடியது. எங்கள் அப்பாவும்தான்.

பின்னால் நடந்ததை நான் நீட்டவில்லை. முதலில் பெரியம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அப்புறம் ஊரில் இருந்த பங்கு நிலம். கடைசியில் தையல் மெஷினும். அதில் தைத்துத்தான் பெரியம்மா அக்காக்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் அவரை யாரும் ஏமாற்றவில்லை, ஒரு மோசடியும் இல்லை. அவர் விடாமல் தோற்றார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் அந்த ஒரு சனிக்கிழமை அவர் கண்முன்னால் வந்து நின்றிருக்கும். முதல் மாதமே வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அதோடு விட்டிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர் போன பிறகு பரணில் ஒரு கட்டு ரேஸ் புத்தகம் கிடைத்தது. ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு. எந்தக் குதிரையின் தகப்பன் எது, எந்த எடையில் எத்தனையாவது, மழை பெய்த அன்று எப்படி ஓடியது. குண்டு குண்டான அழகான கையெழுத்து. கூட்டல் கழித்தலில் ஒரு தப்பு கிடையாது. பெரியம்மா அடுப்பில் போடச் சொன்னார். அப்பா போடவில்லை, ஏனோ எடுத்து வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது.

பையனிடம் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். 1024 பேரின் நம்பர் ஒருவனிடம் இருக்கிறது. பாதிப் பேருக்கு 'இந்த டீம் ஜெயிக்கும்' என்றும், மீதிப் பேருக்கு 'அந்த டீம்' என்றும் அனுப்புகிறான். பலித்த 512 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பாதி பாதி. 256, 128, 64, 32. ஐந்து மேட்ச் முடிந்தால் 32 பேர் அவனைக் கடவுள் என்று நம்புவார்கள். மிச்சம் 992 பேர் அந்த 32 பேரின் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். "மூணு மேட்ச் கரெக்டா சொன்னான்னு சொன்னியே, நீ எந்தப் பாதியில இருந்தேன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்ததே, ஆனாலும் பையன் போனுக்கு டிப்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அவனே அந்தக் கட்டை எடுத்து அரைமணி நேரம் புரட்டினான். "பெரிய தாத்தா கணக்கெல்லாம் சரியாத்தானே போட்டிருக்கார்?" என்றான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

லிவர்பூல் சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நம் நேரத்தில் பந்தயம். நானும் பையனும் உட்கார்ந்து பார்த்தோம். தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. முன்னோட்டம் சொன்னது சரி, என் குதிரை பாதியிலேயே நின்றுவிட்டது. அதன் பெயருக்குப் பக்கத்தில் அடுத்த வருஷம் ஒரு 'பி' இருக்கும். ஃபாய்னவன் வேலியை எல்லாக் குதிரையும் சாதாரணமாகத் தாண்டிப் போயின.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்திருப்பார். ரேஸ் இல்லாவிட்டால் லாட்டரி, அதுவும் இல்லாவிட்டால் மூணு சீட்டு. வெளியூரில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது, அவமானம் என்று நாம் சொல்வதில்லை. சொல்லிவிடுங்கள். எவ்வளவு தோற்றார் என்பதோடு, முதலில் எப்போது ஜெயித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.